வல்லாரையும் புண்ணும்: ஓர் ஆய்வுக்கூட வரலாறு

வல்லாரை ஈரம் கண்ட இடமெல்லாம் படரும் செடி. வாய்க்கால் ஓரத்திலும் வயல் வரப்பிலும் கிணற்றடியிலும் தரையோடு ஓடும் அதன் தண்டு கணுவுக்குக் கணு வேர்விடும். ஒவ்வொரு கணுவிலிருந்தும் நீண்ட காம்பில் இலை நிமிரும். இலை சிறுநீரக வடிவம், ஓரம் பல் பல்லாக வெட்டுண்டிருக்கும். தமிழ்நாட்டில் துவையலாகவும் யாழ்ப்பாணத்தில் சம்பலாகவும் இலைக்கஞ்சியிலும் சேர்கிறது. இன்று இந்தக் கீரையின் பெயரைச் சொன்னால் நினைவாற்றல்தான் முதலில் நினைவுக்கு வரும். தேர்வுக் காலத்தில் பிள்ளைகளுக்கு அரைத்துக் கொடுக்கும் வீடுகள் ஏராளம். ஆய்வுக்கூடங்களோ இந்தச் செடியிடம் மூளையைப் பற்றிக் கேட்பதற்கு நெடுங்காலம் முன்பே தோலைப் பற்றிக் கேட்டன. அந்தக் கேள்வி முதலில் எழுந்த ஊர்களில் ஒன்று புதுச்சேரி.

செடியின் அடையாளமே முதல் சிக்கல். கேரளத்துச் செடிகளைத் தொகுத்த ‘ஹோர்துஸ் மலபாரிகுஸ்’ என்ற டச்சுக்காலப் பெருநூலில் இது படத்துடன் இடம்பெற்றது. அம்போன் தீவின் செடிகளை எழுதிய ரும்ஃபியுஸ், இலையின் வடிவத்தைப் பார்த்துக் குதிரைக் குளம்பு என்று பொருள்படும் லத்தீன் பெயரை இட்டார். லின்னேயஸ் 1753-இல் ‘ஹைட்ரோகோட்டைல் ஏசியாட்டிகா’ என்று வகைப்படுத்தினார். 1879-இல் உர்பான் அதைச் ‘சென்டெல்லா ஏசியாட்டிகா’ என்று மாற்றினார். வட இந்தியாவின் பல பகுதிகளில் இதற்குப் பிராமி என்று பெயர். தெற்கிலும் வங்கத்திலும் பிராமி என்றால் நீர்ப்பிரமி என்னும் முற்றிலும் வேறான செடி. மருந்துச் சரக்குக் கடையில் இந்த இரண்டும் இடம் மாறுவது இன்றும் நடப்பதுதான். ஆகவே பழைய சோதனை அறிக்கையில் ‘பிராமி’ என்று மட்டும் இருந்தால், சோதிக்கப்பட்டது எந்த இலை என்பதையே முதலில் விசாரிக்க வேண்டியிருக்கிறது.

சென்னை மாகாணத்தில் மருத்துவராகப் பணிபுரிந்த வைட்லா எயின்ஸ்லி, இங்குள்ள வைத்தியர்களிடம் கேட்டும் கடைச்சரக்குகளைப் பார்த்தும் தொகுத்த ‘மெட்டீரியா இண்டிகா’ 1826-இல் லண்டனில் வெளியானது. வல்லாரைக்கு அதில் இரண்டு பயன்கள் பதிவாகியுள்ளன. ஒன்று, குழந்தைகளின் வயிற்றுக் கோளாறுக்கும் காய்ச்சலுக்கும் கொடுப்பது. மற்றொன்று, அடிபட்ட இடத்திலும் கன்றிப்போன இடத்திலும் வீக்கம் கண்டு அழலாமல் இருக்க இலையை வைத்துக் கட்டுவது. எயின்ஸ்லி எதையும் சோதிக்கவில்லை, கேட்டதை எழுதிவைத்தார். ஆனால் அடிபட்ட இடத்தில் இலையைக் கட்டும் வழக்கம் இங்கே அச்சில் பதிந்துவிட்டது.

ஐரோப்பியர் கவனம் வல்லாரைமேல் திரும்பியதற்குக் காரணம் காயமல்ல, தொழுநோய். மொரிஷியஸ் தீவில் மருத்துவராக இருந்த போய்லோ, 1852-ஐ ஒட்டி இச்செடியைத் தொழுநோய்க்குக் கொடுத்துப் பயன் கண்டதாக அறிவித்தார். அவரே அந்நோயால் பல ஆண்டுகள் அவதிப்பட்டவர் என்று அக்கால நூல்கள் குறிப்பிடுகின்றன. தொழுநோயைப் பற்றி அன்று யாருக்கும் எதுவும் உறுதியாகத் தெரியாது. அதன் நுண்ணுயிரை நார்வேயில் ஹான்சன் கண்டது 1873-இல்தான். கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் தோலில் தடிப்பும், உணர்வற்ற கைகால்களில் ஆறாமல் நிற்கும் புண்ணும். உணர்வு போன பாதத்தில் முள் தைத்தாலும் தெரியாது, சூடு பட்டாலும் தெரியாது. நடக்க நடக்கப் புண் ஆழமாகும். ஒரு மருந்து நோயைத் தீர்க்கிறதா, நோயால் வந்த புண்ணை மட்டும் ஆற்றுகிறதா என்று பிரித்துப் பார்க்கும் வழி அன்றைய மருத்துவரிடம் இல்லை. வல்லாரையின் அடுத்த நூறாண்டுக் கதை பெரும்பாலும் இந்தக் குழப்பத்திலிருந்து கிளைத்தது.

செய்தி பிரெஞ்சுத் தொடர்பு வழியே புதுச்சேரிக்கு வந்தது. அங்கு மருந்தாளுநராக இருந்த ழூல் லெப்பீன் 1855-இல் வல்லாரையை வேதியியல் முறையில் பிரித்தாய்ந்தார். சிங்கோனா மரப்பட்டையிலிருந்து குயினைனையும் அபினியிலிருந்து மார்ஃபினையும் பிரித்தெடுத்த வெற்றிகளின் நிழலில் வேலை செய்த தலைமுறை அது. ஒவ்வொரு மூலிகைக்குள்ளும் அதன் வீரியம் முழுவதும் ஒரே பொருளாக ஒளிந்திருக்கும், அதைப் பிடித்துவிட்டால் மூலிகையே வேண்டாம் என்பது அவர்களின் நம்பிக்கை. லெப்பீனுக்கும் ஒரு பொருள் கிடைத்தது. எண்ணெய் போன்றது, ஆவியாகாதது, பச்சை வல்லாரையின் மணமும் சுவையும் கொண்டது. காய்ந்த செடியின் எடையில் நூற்றுக்கு ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவாகவே தேறியது. அதற்கு அவர் வைத்த பெயர் ‘வெல்லரின்’. வல்லாரை என்ற தமிழ்ப் பெயரைத்தான் அப்படி வேதியியல் பெயராக்கினார்.

அதே 1855-இல் சென்னைத் தொழுநோய் மருத்துவமனையில் டாக்டர் ஹன்டர் வல்லாரையை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். அவருடைய முடிவு நிதானமானது. தொழுநோயைக் குணமாக்கும் மருந்து என்று இதைச் சொல்ல முகாந்திரமில்லை. ஆனால் நோயின் தொல்லைகள் தணிகின்றன, உடல்நிலை தேறுகிறது. மொரிஷியஸில் கிளம்பிய ஆரவாரத்தோடு ஒப்பிட்டால் இது சலிப்பூட்டும் அறிக்கைதான். இந்தக் கதையில் காலத்தால் பொய்க்காத முதல் மதிப்பீடும் இதுவே. 1868-இல் வெளியான இந்திய மருந்தியல் தொகுதியில் வல்லாரை அதிகாரபூர்வ மருந்தாகச் சேர்க்கப்பட்டது.

வெல்லரினின் ஆயுள் அவ்வளவு நீளவில்லை. லண்டன் மருந்தியலாளர் ஹான்பரியும் அவருடைய கூட்டாளி ஃப்ளூக்கிகரும் 1874-இல் வெளியிட்ட ‘ஃபார்மகோகிராஃபியா’ நூலுக்காக, மூன்று அவுன்சு காய்ந்த வல்லாரையைச் சாராயத்தில் ஊறவைத்து வடித்துப் பார்த்தார்கள். வெல்லரினைப் போன்ற எதுவும் வரவில்லை. வந்தது ஒரு பச்சைக் குழம்பு; அது வெந்நீரில் ஏறக்குறைய முழுவதும் கரைந்தது, இரும்பு உப்பைச் சேர்த்ததும் பச்சையாகத் திரிந்து படிந்தது. பெரும்பகுதி வெறும் டானின் என்று எழுதி முடித்தார்கள். லெப்பீன் விவரித்த குணங்கள் அறியப்பட்ட எந்த வேதிப்பொருள் வகைக்கும் பொருந்தவில்லை என்பதையும் சேர்த்தே சொன்னார்கள்.

இரு தரப்பும் கோட்டைவிட்டது எங்கே என்பது இன்று தெரியும். வல்லாரையின் முக்கியப் பொருள்கள் சப்போனின் வகையைச் சேர்ந்தவை. பூந்திக்கொட்டையைப் போல நீரில் நுரைக்கும் வகை. எண்ணெயாகப் பிரிந்து மிதப்பவை அல்ல அவை. சாராயத்திலும் வெந்நீரிலும் கரைந்து நிற்பவை. ஹான்பரியின் பச்சைக் குழம்பு வெந்நீரில் கரைந்தபோது, தேடிய பொருளும் அதனுள்ளேயே கரைந்திருக்க வேண்டும். அன்று கையிலிருந்த சோதனைக்கு டானின் தெரிந்தது, அது தெரியவில்லை. லெப்பீன் கண்டது பல பொருள்களின் கலவையாக இருந்திருக்கலாம். மணம் இலையின் மணம்தானே.

இதற்குப் பிறகு வல்லாரை ஐரோப்பிய மருந்துப் பட்டியல்களில் பெயரளவில் கிடந்தது. மீண்டும் அதை எடுத்தவர்கள் மடகாஸ்கரில் இருந்தார்கள். அங்கு இதன் பெயர் தலாபெட்ராகா. தோல்நோய்க்கும் புண்ணுக்கும் மக்கள் பயன்படுத்தி வந்த செடி. 1941-இல் போந்தேம் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் மடகாஸ்கர் செடியிலிருந்து தூய பொருள் ஒன்றைப் பிரித்தெடுத்து ‘ஆசியாட்டிகோசைடு’ என்று பெயரிட்டார். ஆசியாட்டிக் அமிலம் என்னும் டிரைடெர்பீன் மூலக்கூறோடு மூன்று சர்க்கரை அலகுகள், அதாவது இரண்டு குளுக்கோஸும் ஒரு ராம்னோஸும், கோத்த அமைப்பு அது. தாவரவியலாளர் பியேர் புவாத்தோவும் மலகாசி அறிவியலாளர் ஆல்பர்ட் ரக்கோட்டோ ரட்சிமமங்காவும் இதை நோயாளிகளிடம் கொண்டுசென்றனர். அப்போதும் குறி தொழுநோய்தான். 1949-இல் ‘நேச்சர்’ இதழின் ஒரு பக்கத்தில், தொழுநோயை எதிர்க்கும் ஆசியாட்டிகோசைடு வழிப்பொருள்களைப் பற்றிப் புவாத்தோ குழுவினரின் குறிப்பு வெளியானது. அதற்கு அடுத்த பக்கத்தில் இலங்கையில் வளர்ந்த வல்லாரையைப் பற்றிப் பட்டாச்சார்யாவும் லித்கோவும் எழுதிய குறிப்பு இருந்தது. இலங்கைச் செடி தந்தது ஆசியாட்டிகோசைடு அல்ல, வேறொரு சப்போனின்.

அடுத்தடுத்த இந்த இரண்டு பக்கங்களும் மூலிகைச் சோதனையின் பெரிய தலைவலியை எடுத்துக் காட்டுகின்றன. தாவரவியலாளர் கண்ணுக்கு இரண்டும் ஒரே செடி. வேதியியலாளர் குடுவையில் இரண்டும் வேறு. பின்னர் லக்னோவில் ஆய்ந்தவர்கள் இந்திய வல்லாரையில் கண்ட பொருள்களுக்குப் பிராமோசைடு, பிராமினோசைடு என்று பெயர் வைத்தார்கள். செடியின் வங்காளப் பெயர் தான்குனி. அதிலிருந்து தான்குனிசைடு வந்தது. எந்த ஊர்ச் செடி குடுவையில் விழுந்ததோ அந்த ஊர்ப் பெயர் மூலக்கூறில் ஒட்டிக்கொண்டது. வெல்லரின் தொடங்கிவைத்த வழக்கம் தொடர்ந்தது என்றே சொல்லலாம். மடகாஸ்கர் செடியில் ஆசியாட்டிகோசைடு மிகுதி என்பதால், மருந்துக் கம்பெனிகள் இன்றுவரை அந்தத் தீவின் செடியையே பெரிதும் நாடுகின்றன.

தொழுநோய் மருந்து என்ற கனவு சீக்கிரமே கலைந்தது. 1940-களில் சல்ஃபோன் மருந்துகள் வந்து, நோயின் நுண்ணுயிரையே நேரடியாகத் தாக்கின. அவற்றின் முன் ஆசியாட்டிகோசைடு நிற்க முடியவில்லை. ஆனால் சோதனைக் காலத்தில் ஒன்று கண்ணில் பட்டிருந்தது; நோய் எப்படிப் போனாலும் நோயாளிகளின் ஆறாப்புண்கள் மூடிக்கொண்டன. நூறாண்டுக்கு முன் ஹன்டர் பிரித்துச் சொன்னது திரும்பி வந்தது. 1956-இல் புவாத்தோவும் ரட்சிமமங்காவும் ‘தெராப்பி’ இதழில் வெளியிட்ட நீண்ட கட்டுரை, ஆசியாட்டிகோசைடைப் புண்ணாற்றும் மருந்தாகவே முன்வைத்தது. தொழுநோய்ப் புண், தோல் காசநோய், விலங்குகளில் வேண்டுமென்றே உண்டாக்கிய காயம் ஆகிய எல்லாவற்றையும் அது எடுத்துக்கொண்டது. இந்த வேலையிலிருந்து ‘மடெகசோல்’ என்ற களிம்பு பிரான்சில் பிறந்தது. ஆசியாட்டிகோசைடு ஏறத்தாழ 40 விழுக்காடு, மீதி ஏறக்குறைய சமபங்காக ஆசியாட்டிக் அமிலமும் மடெகாசிக் அமிலமும் என்ற அளவுத்திட்டத்தோடு அதன் மூலச்சாறு நிலைநிறுத்தப்பட்டது. இலை என்பது போய் விகிதம் என்பது வந்த இடம் இது.

புண் ஆறுகிறது என்பதை எப்படி அளப்பது? வெட்டுக்காயம் தானாகவே ஆறும் இயல்புடையது. எதைப் பூசினாலும் பூசியதால் ஆறியது என்று தோன்றும். பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் காயத்தை விட்டுவிட்டு, காயப்படுத்திய கத்திக்கு மருந்து பூசும் வைத்தியம் பெரும்புகழ் பெற்றிருந்தது. காயத்தைக் கழுவிச் சுத்தத் துணியால் கட்டி, அக்காலத்து அழுக்குக் களிம்புகளிலிருந்து காப்பாற்றியதே அதன் இரகசியம். இந்தப் பொறியில் விழாமலிருக்க, மருந்து பூசியதையும் பூசாததையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். பதினாறாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு அறுவை மருத்துவர் ஆம்பிரோஸ் பாரே, வெடிமருந்தில் வெந்த ஒருவனின் முகத்தில் ஒரு பாதிக்கு வெங்காயமும் மறு பாதிக்கு வழக்கமான மருந்தும் வைத்துப் பார்த்தது இந்த எண்ணத்தின் தொடக்க உதாரணங்களில் ஒன்று. வெங்காயத்தை அவருக்குச் சொல்லிக் கொடுத்தவள் ஒரு கிராமத்துக் கிழவி.

இருபதாம் நூற்றாண்டில் பாரேயின் நோயாளி இருந்த இடத்துக்கு வெள்ளெலி வந்தது. எலியின் முதுகு மயிரை மழித்து, மயக்க மருந்து கொடுத்து, குறித்த அளவில் தோலை வெட்டி எடுக்கிறார்கள். சில நாட்களுக்கு ஒருமுறை புண்ணின்மேல் கண்ணாடித்தாளை வைத்து ஓரத்தை வரைந்து, அதை வரைபடத் தாளில் பதித்துக் கட்டங்களை எண்ணினால் புண் எத்தனை சதுர மில்லிமீட்டர் சுருங்கியது என்று தெரியும். 1972-இல் மார்ட்டனும் மலோனும் ஒழுங்குபடுத்திய இந்த முறை பல நாட்டு மூலிகை ஆய்வுகளில் பின்பற்றப்படுகிறது. மற்றொரு சோதனையில் நீள்கீறலைத் தைத்து, சில நாளில் தையலைப் பிரித்து, பத்தாம் நாள் போல ஆறிய இடத்தின் வலுவைப் பார்க்கிறார்கள். எளிய வடிவத்தில் இதற்கு இயந்திரம்கூட வேண்டாம்: கீறலின் இருபுறமும் கவ்வியைப் பொருத்தி, ஒரு கவ்வியை நிலையாகக் கட்டி, மறு கவ்வியிலிருந்து கப்பி வழியே பாத்திரத்தைத் தொங்கவிட்டு அதில் சீராகத் தண்ணீரை ஒழுகவிடுவது. கீறல் வாய்பிளக்கும் நொடியில் தண்ணீரை நிறுத்தி நிறுத்துப் பார்த்தால், அந்த எடையே புதுத்தோலின் வலு.

அந்த வலுவைத் தருவது கொலாஜன் என்னும் நார்ப்புரதம். அதைக் கணக்கிட வேதியியலாளருக்கு ஒரு குறுக்குவழி உண்டு. ஹைட்ராக்சிபுரோலின் என்னும் அமினோ அமிலம் உடலில் ஏறக்குறைய கொலாஜனில் மட்டுமே இருக்கிறது. ஆறும் புண்ணிலிருந்து சிறு துண்டை வெட்டி உலர்த்தி, அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இரவு முழுவதும் கொதிக்கும் சூட்டில் வைத்தால் புரதமெல்லாம் அமினோ அமிலங்களாக உடையும். குளோரமின்-டி சேர்த்து, பிறகு எர்லிக் வினைப்பொருளைச் சேர்த்தால் குழாயில் இளஞ்சிவப்பு எழும். சிவப்பு எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு கொலாஜன். புண்ணாற்றும் மூலிகை ஆய்வுக் கட்டுரைகள் பலவற்றில் அட்டவணைக்குள் உட்கார்ந்திருப்பது இந்த இளஞ்சிவப்பின் அளவுதான்.

கொலாஜனை நன்கறிந்த இடம் சென்னையில் ஏற்கெனவே இருந்தது. ஆனால் அது மருத்துவமனையன்று. 1948-இல் அடையாற்றில் தொடங்கப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம், பதனிடும் தொழிலுக்காக ஏற்பட்டது. தோல் பதனிடுவது என்பதே கொலாஜனை அழுகாமல் நிறுத்தும் வித்தை. 1950-களின் நடுவில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கொலாஜன் முப்புரிக் கயிறுபோல முறுக்கிய அமைப்புடையது என்று கண்டு ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். அவர்களுக்கு உதவிய மாதிரிகளில் கங்காரு வாலின் தசைநாணும் ஒன்று. கொலாஜன் மாதிரிகளுக்கு அவர்கள் நாடிய இடம் இந்தத் தோல் நிலையம். மாட்டுத்தோலின் கொலாஜனை அளக்கப் பழகிய கைகள், பிறகு ஆறும் புண்ணின் கொலாஜனை அளக்கத் திரும்பியது இயல்பான நகர்வே. 1990-களில் அங்கிருந்து தேன், வல்லாரை போன்றவற்றைப் பற்றிய எலிச் சோதனைகள் வரிசையாக வெளிவந்தன. 1996-இல் சுகுணா, சிவகுமார், சந்திரகாசன் ஆகியோர் வெளியிட்ட வல்லாரை ஆய்வு, சாற்றை வாய்வழியாகவும் மேல்பூச்சாகவும் கொடுத்துப் பார்த்தது. புண்ணில் டி.என்.ஏ, புரதம், கொலாஜன் மூன்றும் கூடின, மேல்தோல் விரைவாக மூடியது, இழுவலுவும் உயர்ந்தது.

இந்த ஆய்வின் தனிச்சிறப்பு கொலாஜன் எவ்வளவு என்பதோடு நிற்காமல், அது எப்படிப்பட்டது என்றும் கேட்டதில் இருக்கிறது. புதிதாக உருவான கொலாஜன் இழைகள் ஒன்றோடொன்று குறுக்கே பிணைந்தால்தான் தோலுக்கு வலு வரும். பிணையாத கொலாஜன், முறுக்கேறாத நூல். பிணைப்புக்கு அடையாளமான ஆல்டிஹைடு அளவும் வல்லாரை பூசிய புண்ணில் கூடியிருந்தது. பதனிடும் தொழிலிலும் குறுக்குப் பிணைப்புதான் எல்லாம். தோல் விஞ்ஞானிகளுக்கு அந்தக் கேள்வி தானாகவே தோன்றியிருக்கும்.

லக்னோவில் மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையத்தார் 1999-இல் தூய ஆசியாட்டிகோசைடையே எடுத்துக்கொண்டனர். கினிப்பன்றியின் புண்ணில் 0.2 விழுக்காட்டுக் கரைசலைப் பூசியபோது ஹைட்ராக்சிபுரோலின் 56 விழுக்காடும் இழுவலு 57 விழுக்காடும் பூசாததைவிட உயர்ந்தன. பிரான்சில் ரைம்ஸ் நகரத்து மாக்கார் குழுவினர் விலங்கை விட்டுவிட்டு, மனிதத் தோலின் நார்த்திசுச் செல்களைக் கண்ணாடித் தட்டில் வளர்த்துப் பார்த்தனர். கொலாஜன் உற்பத்தியைத் தூண்டுவது ஆசியாட்டிக் அமிலம் மட்டுமே என்று 1990-இல் அறிவித்தார்கள். நான்கே ஆண்டில் வந்த மற்றொரு ஆய்வு மடெகசோல் மூலச்சாற்றின் மூன்று பொருள்களும் தூண்டுகின்றன என்றது. சர்க்கரை கோத்த மூலக்கூறு செயல்படுமா, சர்க்கரை கழன்ற பிறகுதான் செயல்படுமா என்பது சோதனைச் சூழலைப் பொறுத்து மாறும் கேள்வி போலிருக்கிறது.

இந்த எண்களை மனிதப் புண்ணின்மேல் அப்படியே ஏற்ற முடியாது. எலியின் தோலுக்கடியில் மெல்லிய தசைத்தாள் உண்டு. புண் பட்டால் அது சுருக்குப்பை போலத் தோலை இழுத்து மூடிவிடும். மனிதத் தோலில் அந்தத் தாள் பெரும்பாலும் இல்லை; புண் அடியிலிருந்து புதுச்சதை ஊறி, ஓரத்திலிருந்து மேல்தோல் ஊர்ந்து மூட வேண்டும். மேலும் சோதனை எலி இளசு, ஆரோக்கியமானது. அதன் புண் சுத்தமான கத்தியால் உண்டானது. வல்லாரை தேடப்பட்ட புண்களோ உணர்விழந்த பாதத்தின் புண், சீழ் வைத்த புண், மாதக்கணக்கில் திறந்தே கிடந்த புண். தானாகவே ஆறிவிடும் புண் மூன்று நாள் முன்னதாக ஆறுகிறது என்று நிரூபிக்கும் கட்டுரைகள் குவிந்த அளவுக்கு, ஆறாத புண்ணைப் பற்றிய கட்டுரைகள் குவியவில்லை. விலங்குச் சோதனைக்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி கட்டாயமான பிறகும் இந்தச் சாய்வு மாறிவிடவில்லை.

சாதகமில்லாத விடைகளும் உண்டு. 1972-இல் லேரமும் ஐவர்சனும் ரோமமில்லாத சுண்டெலிகளின் தோலில் ஆசியாட்டிகோசைடை நெடுங்காலம் திரும்பத் திரும்பத் தடவியபோது கட்டிகள் தோன்றின. விளைவு வலுவற்றது என்றாலும் பதிவில் நிற்கிறது. வல்லாரைக் களிம்பு ஒத்துக்கொள்ளாமல் தோல் சிவந்து அரிக்கும் நோயாளிகளைப் பற்றிய மருத்துவக் குறிப்புகளும் வெளிவந்தன. இன்னொரு வகை முரணும் தலைகாட்டியது. ஆறும் புண்ணில் கொலாஜனைக் கூட்டும் இதே பொருள்கள், கட்டுமீறித் தடித்த தழும்பில் கொலாஜனைக் குறைப்பதாக வேறு ஆய்வுகள் கூறின. ஒரே களிம்பு புண்ணுக்கும் தழும்புக்கும் விற்கப்படுவதை வியாபாரத் தந்திரம் என்று ஒதுக்கிவிட முடியாது. செல் இருக்கும் நிலையைப் பொறுத்து ஒரு பொருள் இரு திசையிலும் இழுக்கக்கூடும். ஆனால் எவ்வளவு கொலாஜன் என்ற ஒற்றை அளவுகோல் இங்கே போதாது என்பது வெளிப்பட்டுவிட்டது.

உலக சுகாதார நிறுவனம் 1999-இல் வெளியிட்ட மூலிகை விவரத் தொகுதியின் முதல் பாகத்தில் வல்லாரை இடம்பெற்றது. ஐரோப்பிய மருந்தியல் தொகுதி, டிரைடெர்பீன் பொருள்கள் ஆசியாட்டிகோசைடு கணக்கில் குறைந்தது 6 விழுக்காடு இருக்க வேண்டும் என்று விதித்தது. சந்தைக் கட்டு வல்லாரை எல்லாம் இந்தத் தேர்வில் தேறிவிடாது; எந்த மண்ணில், எந்தப் பருவத்தில் பறித்தது என்பதைப் பொறுத்து அளவு ஏறி இறங்கும். சதுப்பில் வளரும் செடி என்பதால் நீரிலுள்ள கன உலோகங்களையும் உறிஞ்சிக்கொள்ளும். அந்தச் சோதனையும் தனியே வேண்டும்.

மனிதரிடம் நடந்த சோதனைகளுள் இரண்டு கவனிக்கத்தக்கவை. 2010-இல் தாய்லாந்தில் வெளியான ஆய்வு, சர்க்கரை நோயால் புண்பட்ட 200 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வல்லாரைச் சாறு அடைத்த குளிகையை வேளைக்கு இரண்டாக நாளுக்கு மூன்று வேளை விழுங்கக் கொடுத்தது. வல்லாரை சாப்பிட்டவர்களின் புண் நன்றாகச் சுருங்கியது. ஆனால் புதுச்சதை ஊறுவதில் வெற்றுக் குளிகை சாப்பிட்டவர்கள் முந்தியிருந்தார்கள். பூசாமல் உண்ணக் கொடுத்துப் புண்ணைப் பார்ப்பது நாட்டு வைத்தியத்துக்கு அந்நியமானதல்ல. ஆய்வுக்கூடத்தில்தான் அது அரிது.

மற்றது தைவானில் உருவான ஒரு களிம்பு. அதன் இரண்டு மூலப்பொருள்களும் தமிழ் வீட்டுத் தோட்டத்தில் அக்கம்பக்கமாக நிற்பவை: வல்லாரையும் கற்பூரவள்ளியும். இதை உருவாக்கியவர்கள் கொலாஜனிலிருந்து தொடங்கவில்லை. சர்க்கரை நோயாளியின் புண் ஆறாமல் நிற்பதற்கு, அங்கே கூடும் விழுங்கு செல்கள் அழற்சி நிலையிலேயே தங்கிவிடுவதும் ஒரு காரணம். அவை சண்டையை முடித்துச் சீரமைப்புக்குத் திரும்ப வேண்டும். களிம்பு அந்தத் திருப்பத்துக்கு உதவுகிறது என்பது அவர்களின் வாதம். பாதப்புண் உள்ள 236 பேரிடம் நடந்த மூன்றாம் கட்டச் சோதனையின் முடிவு 2021-இல் வெளிவந்தது. 16 வாரத்தில் களிம்பு பூசிய 122 பேரில் 74 பேருக்கும், உறிஞ்சும் கட்டு மட்டும் போட்ட 114 பேரில் 40 பேருக்கும் புண் முழுவதும் மூடியது. அதாவது 60.7 விழுக்காட்டுக்கு எதிரே 35.1. ஒப்பீடு வெற்றுக் களிம்போடு நடக்கவில்லை, கட்டுத்துணியோடு நடந்தது. யாருக்கு எது என்பது புண்ணை மதிப்பிட்டவருக்கு மட்டுமே மறைக்கப்பட்டிருந்தது. இந்தக் குறையை ஒதுக்கிவிட முடியாது. ஆனாலும் எலி முதுகிலிருந்து விலகி, உண்மையிலேயே ஆறாத புண்ணில் பெரிய அளவில் நடந்த சோதனை இது. அதே ஆண்டில் தைவான் அரசு களிம்பை மருந்தாக அங்கீகரித்தது.

இதற்கிடையே புண்ணாற்றுதலைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் முன்பகுதியை வெட்டி எடுத்து ‘சிகா’ என்று பெயரிட்ட முகப்பூச்சுகள் தென் கொரியாவிலிருந்து உலகெங்கும் பரவியிருக்கின்றன. அவற்றின் குப்பிகளில் வல்லாரை இலையின் படம் அச்சாகியிருக்கும். அவை பெரும்பாலும் அழகுப்பொருள் என்ற பிரிவில் விற்பனையாவதால், பாதப்புண் களிம்பு கடந்த சோதனைகளை அவை கடக்க வேண்டியதில்லை. எயின்ஸ்லி எழுதிவைத்த பிரயோகம், அதாவது பறித்த இலையை அடிபட்ட இடத்தில் வைத்துக் கட்டுவது, மேலே சொன்ன சோதனைகளில் எதிலும் இடம்பெறவில்லை. சோதனைக்குப் போனவை உலர்ந்த செடி, சாராயச் சாறு, தூய மூலக்கூறு, அளவிட்ட கலவை, குளிகை. வாய்க்கால் ஓரத்துப் பச்சிலையோடு மண்ணும் மண்ணிலுள்ள நுண்ணுயிர்களும் சேர்ந்தே வரும் என்பதாலும், டெட்டனஸ் வித்துகளுக்கு மண்ணே வீடு என்பதாலும், திறந்த புண்ணில் அதை வைத்துப் பார்க்க இன்று எந்த நெறிமுறைக் குழுவும் எளிதில் அனுமதி தராது.